கான்டினென்டல் வளர்ந்த ஊர்கள்

கான்டினென்டல் நிறுவனம் 1871 அக்டோபர் 8 அன்று வட ஜெர்மனியின் ஹானோவர் நகரில் தொடங்கப்பட்டது. ஜெர்மன் பேரரசு அமைந்து ஓராண்டுகூட ஆகாத நேரம் அது. கையில் பணம் புரண்டவர்கள் கூட்டுப் பங்குக் கம்பெனிகளை வரிசையாகத் தொடங்கினார்கள். அவற்றில் பல 1873-இன் நிதி நெருக்கடியில் சுவடில்லாமல் போயின. ஹானோவரின் வங்கியாளர்களும் தொழிலதிபர்களும் பங்கு போட்டுத் தொடங்கிய இந்த ரப்பர் கம்பெனி பிழைத்துக்கொண்டது. மோட்டார் கார் பிறக்க இன்னும் பதினைந்து ஆண்டுகள் இருந்தன. ஆகவே முதல் சரக்குகள் ரப்பர் பூசிய துணி, மென்ரப்பர்ச் சாமான்கள், குதிரை வண்டிக்கும் சைக்கிளுக்கும் காற்றில்லாத கெட்டி ரப்பர் டயர் ஆகியவைதான். டயர் அன்று பல சரக்குகளில் ஒன்று மட்டுமே. பிற்காலத்தில் டயர்க் கம்பெனி என்றே ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்ட ஒன்றுக்கு இந்தப் பழைய முகமும் உண்டு.

ஹானோவர் மத்திய ரயில் நிலையத்துக்கு வடக்கே நீளும் ஃபாரன்வால்டர் சாலைதான் இந்த வரலாற்றின் முதல் முகவரி. ஆலை நின்ற நிலத்தில் இப்போது அலுவலகங்களும் கடைகளும் இருக்கின்றன. அங்கே பழைய பெருமையைக் காட்டி நிற்பது 1912-இல் கட்டத் தொடங்கிய நிர்வாகக் கட்டடம். அதை வடிவமைத்த பீட்டர் பெஹ்ரன்ஸ், பெர்லினில் ஏஇஜி நிறுவனத்தின் டர்பைன் கூடத்தைக் கட்டிப் பெயர் பெற்றவர். கல் முகப்பும் சீரான ஜன்னல் வரிசையும் ரப்பர் வியாபாரத்தைவிட ஓர் அரசு அமைச்சகத்துக்குத்தான் பொருந்தும். நாற்பதே ஆண்டுகளில் கம்பெனி தன்னை எந்த உயரத்தில் வைத்துப் பார்த்தது என்பதற்கு அந்தக் கட்டடமே சாட்சி.

அந்த நாற்பது ஆண்டு வளர்ச்சியில் ஸீக்முண்ட் ஸெலிக்மன் என்ற நிர்வாகிக்கும் அடால்ஃப் பிரின்ட்ஸ்ஹார்ன் என்ற வேதியியலாளருக்கும் பெரும் பங்கு உண்டு. ஒருவர் சந்தையைப் பார்த்துக்கொள்ள, மற்றவர் கலவையைப் பார்த்துக்கொண்டார். 1882-இல் பாயும் குதிரை வணிகச் சின்னமாயிற்று. கம்பெனி அப்போது குதிரைக் குளம்புக்கு அடியில் வைக்கும் ரப்பர் மெத்தையை விற்றுவந்தது. குதிரையோ அந்த வட்டாரத்தின் பழைய அரச முத்திரை. இரண்டுக்கும் பொருந்திய சின்னம் இன்றும் டயரின் பக்கச் சுவரில் ஓடுகிறது. யூத குடும்பத்தில் பிறந்த ஸெலிக்மன் 1925-இல் இறந்தார். நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் கட்டிய மாளிகை நகரக் காட்டின் ஓரத்தில் இப்போது யூத இசைக்கான இல்லமாக இயங்குகிறது. ஹானோவரில் டயர் வரலாற்றைத் தேடிப் போகிறவர்கள் ஆலையைவிட அந்த வீட்டில்தான் பழைய காலத்தை நெருக்கமாகப் பார்க்க முடியும்.

ஜெர்மனியில் சைக்கிளுக்குக் காற்றடைத்த டயரை முதலில் செய்தது கான்டினென்டல்தான். ஆண்டு 1892. 1898-இல் கார் டயர் வந்தது. அதன் மேற்பரப்பு மொழுமொழுவென்று இருக்கும். வறண்ட சாலையில் அதற்குக் குறையில்லை. ஈரத்தில் மட்டும் ரப்பருக்கும் சாலைக்கும் நடுவே தண்ணீர் படலமாக நின்று வண்டி வழுக்கும். தண்ணீர் ஒதுங்கிப் போக வழி வேண்டும் என்பதற்காக 1904-இல் மேற்பரப்பில் வெட்டுகள் கொண்ட டயரைக் கம்பெனி வெளியிட்டது. நம் லாரிப் பட்டறைகளில் பட்டன் என்று சொல்லப்படும் அந்த அமைப்பு கார் டயருக்கு வந்தது அப்போதுதான். இதற்கு மூன்றாண்டு முன்பே, 1901-இல், நீஸ் நகரப் பந்தயங்களில் வென்ற முதல் மெர்சிடிஸ் கார் கான்டினென்டல் டயரில் ஓடியிருந்தது. பந்தயத்தில் வென்ற பெயரே அந்தக் காலத்தில் மலிவான விளம்பரம்.

இத்தனைக்கும் ஜெர்மனியில் ரப்பர் மரம் கிடையாது. தொடக்கத்தில் அமேசான், காங்கோ காடுகளின் ரப்பர் வந்தது. முதல் உலகப் போர் நெருங்கிய நேரத்தில் மலாயா, இலங்கைத் தோட்டங்களின் ரப்பர் உலகச் சந்தையில் காட்டு ரப்பரை முந்திவிட்டது. அந்தத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்மரம் சீவியவர்களில் பெருந்தொகையினர் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுபோகப்பட்ட தொழிலாளர்கள். ஐரோப்பாவின் டயர் ஆலைகளைப் பற்றிய நூல்களில் அவர்களுக்கு ஒரு பத்தி கிடைப்பதும் அரிது. போர் வந்ததும் பிரிட்டிஷ் கடற்படை வழியை அடைத்தது. எல்பர்ஃபெல்டில் பேயர் நிறுவனத்தின் ஃபிரிட்ஸ் ஹோஃப்மன் 1909-இல் கண்டுபிடித்திருந்த செயற்கை ரப்பர் அப்போது கைகொடுத்தது. ஆனால் அதன் தரம் மரத்து ரப்பரின் பக்கத்தில் நிற்கவில்லை.

ஹானோவரின் மேற்கே லிம்மர் புறநகர். வாய்க்கால்களுக்கு நடுவே அங்கே நின்றது எக்ஸெல்ஸியர் ரப்பர் ஆலை. 1920-களின் கடைசியில் போட்டியைக் குறைக்க ஜெர்மன் ரப்பர்க் கம்பெனிகள் ஒன்று சேர்ந்தபோது எக்ஸெல்ஸியரும், பீட்டர்ஸ் யூனியன் முதலிய வேறு சிலவும் கான்டினென்டலில் கலந்தன. 1929 முதல் அதன் பெயர் கான்டினென்டல் கும்மி வெர்க்கே. வளர்ச்சிக்குப் பிறரை வாங்கிச் சேர்ப்பது என்ற பழக்கம் இங்கேதான் தொடங்குகிறது. லிம்மர் ஆலை 1999 வாக்கில் மூடப்பட்டது. இன்று அந்த இடத்தில் குடியிருப்புகள் எழுகின்றன.

லிம்மருக்கு இன்னொரு வரலாறும் உண்டு. அதை விட்டுவிட்டு இந்த நிறுவனத்தின் வளர்ச்சியை எழுதினால் அது விளம்பரத் துண்டறிக்கையாகிவிடும். நாஜி ஆட்சியின் போர் ஆயத்தம் ரப்பர்த் தொழிலுக்குப் பொற்காலமாக இருந்தது. நெடுஞ்சாலைகள் விரிந்தன, படை வண்டிகள் பெருகின, ஷ்டோக்கன் பகுதியில் 1938-இல் பெரிய புதிய டயர் ஆலை திறக்கப்பட்டது. போர்க்காலத்தில் ஏறத்தாழ 10,000 பேர் கட்டாய உழைப்பில் கான்டினென்டலுக்காக வேலை வாங்கப்பட்டார்கள். லிம்மரில் ஒரு வதைமுகாமின் கிளை அமைத்துப் பெண் கைதிகளைக் கொண்டு விஷவாயு முகமூடி செய்தார்கள். 1944 செப்டம்பரில் ஆஷ்விட்ஸிலிருந்து ஏறத்தாழ 1,000 போலந்து யூதர்கள் ஷ்டோக்கனுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். சில மாதங்களில் அவர்கள் அருகிலுள்ள ஆலமுக்கு மாற்றப்பட்டு, உற்பத்தியைப் பூமிக்கடியில் கொண்டுபோகச் சுரங்கம் தோண்ட வைக்கப்பட்டார்கள். பலர் அங்கேயே செத்தார்கள். பெர்லினுக்கு வடக்கே ஸாக்ஸன்ஹவுஸன் முகாமில் கான்டினென்டலின் ரப்பர் செருப்படிகளைச் சோதிக்கக் கைதிகள் தனிப் பாதையில் நாளெல்லாம் நடத்தப்பட்டார்கள். நாளுக்கு முப்பது, நாற்பது கிலோமீட்டர். தளர்ந்து விழுந்தவர்கள் சுடப்பட்டதும் உண்டு.

இவையெல்லாம் முழுமையாகத் தொகுக்கப்பட்டது 2020-இல்தான். நிறுவனமே கேட்டுக்கொண்டதன் பேரில் வரலாற்றாசிரியர் பால் எர்க்கர் ஆவணங்களை ஆராய்ந்து பெரிய நூலாக எழுதினார். தானே முன்வந்து ஆவணங்களைத் திறந்தது பாராட்டத் தக்கதுதான். ஆனால் போர் முடிந்து எழுபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. சாட்சி சொல்ல வேண்டியவர்களில் மிகச் சிலரே உயிரோடு இருந்தார்கள்.

போருக்குப் பின் கதை மறுபடி கட்டடத்தில் தெரிகிறது. கோனிக்ஸ்வொர்தர் சதுக்கத்தில் 1953-இல் கம்பெனி எழுப்பிய தலைமை அலுவலகக் கோபுரம் அந்நாளில் ஜெர்மனியின் உயரமான அலுவலகக் கட்டடங்களில் ஒன்று. குண்டு வீச்சில் தரைமட்டமான நகரில் அது செல்வத்தின் அறிவிப்பு. ஹானோவருக்குக் கிழக்கே வோல்ஃப்ஸ்பூர்கில் ஃபோக்ஸ்வாகன் ஆலை வண்டு வடிவக் கார்களை லட்சக்கணக்கில் உருட்டி விட, டயருக்குப் பஞ்சமில்லாத கிராக்கி. இன்று அந்தக் கோபுரம் லைப்னிட்ஸ் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம். மாணவர்கள் அந்த இடத்தை இன்னும் கான்டி வளாகம் என்றே சொல்கிறார்கள்.

கிராக்கி இருந்தால் மந்தம் வரும். பிரான்ஸில் மிஷெலின் 1946-இல் காப்புரிமை பெற்ற ரேடியல் டயர், இழைகளைக் குறுக்கே பரப்பி மேலே எஃகுப் பட்டை கட்டியது. அது தேய்வது மெதுவாக, ஓடுவது நிதானமாக. கான்டினென்டல் 1960-இல்தான் அதைப் பெருமளவில் செய்ய இறங்கியது. இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளின் விலையை 1970-களில் கட்டியது. எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, நூற்றாண்டு விழாக் கொண்டாடிய கம்பெனி நஷ்டக் கணக்கோடு போராடிற்று. ரேடியல் பந்தயத்தில் பின்தங்கியதற்குப் பரிகாரம் போல் அமைந்தது ஹானோவருக்கு வடக்கே, ல்யூனெபூர்க் புதர்வெளியின் விளிம்பில் யெஃபெர்ஸென் அருகே 1967-இல் திறந்த கான்டிட்ரோம் சோதனைத் தடம். பைன் மரங்களும் பன்றிப் பண்ணைகளும் உள்ள அமைதியான நாட்டுப்புறத்தில் சாய்வான வளைவுகளோடு ஒரு முட்டை வடிவ ஓடுதளம். 1968-இல் அங்கே ஓட்டுநர் இல்லாமல் ஒரு மெர்சிடிஸ் கார், சாலையில் பதித்த கம்பியைப் பின்பற்றி ஓடியது. மனித ஓட்டுநர் ஒவ்வொரு சுற்றையும் சற்று வேறுபடுத்தி ஓட்டுவார். இயந்திரம் ஒரே மாதிரி ஓட்டும். டயரை டயரோடு ஒப்பிட அதுவே வசதி.

1979-க்குப் பிறகு வளர்ச்சி என்றால் வாங்குதல்தான். அந்த ஆண்டு அமெரிக்க யூனிராயலின் ஐரோப்பிய டயர்த் தொழில் கைக்கு வந்தது. ஆகென், பெல்ஜியம், பிரான்ஸ், ஸ்காட்லாந்து ஆலைகள் ஒரே கையெழுத்தில் சேர்ந்தன. 1985-இல் ஆஸ்திரியாவின் ஸெம்பெரிட். 1987-இல் ஒஹையோவின் ஆக்ரன் நகரத்து ஜெனரல் டயர். 1993-இல் செக் நாட்டின் பாரும். ஒவ்வொன்றும் தன் பெயரோடும் பழைய வாடிக்கையாளரோடும் வந்தது. இந்தப் பசிக்கு நடுவே கான்டினென்டலையே விழுங்க ஒருவர் வந்தார். 1990-இல் இத்தாலியின் பிரெல்லி இணைப்பு யோசனையை நீட்டியது. ஹானோவர் மறுத்தது. ஜெர்மன் வங்கிகளும் கார்க் கம்பெனிகளும் பின்னால் நின்று தடுத்தன. முயற்சி 1991-இல் முறிந்தது. நஷ்டம் பிரெல்லிக்கு. ஆனால் ஹானோவரிலும் தலைவர் ஹோர்ஸ்ட் ஊர்பன் பதவி விலக நேர்ந்தது.

அவருக்குப் பின் வந்த ஹூபெர்டுஸ் ஃபான் க்ரூன்பெர்க் டயர்க்காரர் இல்லை. ஃபிராங்க்ஃபர்ட்டில் பிரேக் செய்யும் டேவெஸ் நிறுவனத்தின் தலைவராக இருந்தவர். ஹானோவரிலிருந்து விரைவு ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் எட்டும் ஃபிராங்க்ஃபர்ட்டில், மேற்கே ரோடல்ஹைம் பகுதியில் டேவெஸின் ஆலை இருக்கிறது. ஆல்ஃப்ரெட் டேவெஸ் 1906-இல் தொடங்கிய கம்பெனி, 1967 முதல் அமெரிக்க ஐடிடியின் வசம். அதன் சரக்குகளில் இருக்கும் ஏடிஈ என்ற பெயரை மெக்கானிக்குகள் நன்றாக அறிவார்கள். பழைய தலைவர் தன் பழைய கம்பெனியைப் புதுக் கம்பெனிக்காக வாங்கினார். ஐடிடியின் பிரேக், சேஸிஸ் பிரிவு 1998-இல் 193 கோடி டாலருக்குக் கைமாறியது. காரணம் எளிது. பிரேக்கை அழுத்தும் விசை கடைசியில் சாலையைத் தொடுவது டயரின் உள்ளங்கை அளவு பரப்பில். அந்தப் பரப்பு எப்போது வழுக்கும் என்று தெரிந்தவனுக்கும், சக்கரத்தைப் பூட்டாமல் நிறுத்தும் ஏபிஎஸ் செய்கிறவனுக்கும் ஒரே கூரை வேண்டும் என்பது கணக்கு. அதோடு டயரில் லாபம் குறைவு, போட்டி அதிகம். கார்க் கம்பெனிகள் தனித்தனிப் பாகமாக வாங்குவதை விட்டு, முழு அமைப்பாக வாங்கத் தொடங்கியிருந்தன.

ஃபிராங்க்ஃபர்ட்டில் தொடங்கிய பாதை தென்கிழக்கே டான்யூப் நதிக்கரையில் ரேகன்ஸ்பூர்க் வரை போகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் கல்பாலம் உள்ள அந்தப் பழைய நகரில் ஸீமென்ஸ் விடீஓவின் மின்னணு ஆலை. 2007-இல் கான்டினென்டல் விடீஓ முழுவதையும் 1,140 கோடி யூரோவுக்கு வாங்கியது. வேகமானி, எரிபொருள் பீய்ச்சும் கருவி, எஞ்சினை ஆளும் கணினி என்று காரின் நரம்பு மண்டலம் முழுவதும் சேர்ந்தது. விற்பனையில் பாதிக்கு மேல் ரப்பரோடு தொடர்பில்லாததாகிவிட்டது. அதே காலத்தில் ரப்பர் ஜெர்மனிக்கு வெளியே நகர்ந்தது. செக்கின் ஓட்ரோகோவிட்ஸே, ஸ்லோவாக்கியாவின் பூஹோவ், ருமேனியாவின் டிமிஷோரா, போர்த்துகலின் லூசாடோ ஆலைகள் பெருத்தன. ஷ்டோக்கனில் கார் டயர் உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2005-இல் அறிவித்தபோது கம்பெனி நல்ல லாபத்தில் இருந்தது. ஹானோவர் அதை மறக்கவில்லை. லாபமில்லாத ஆலையை மூடுவதற்கு ஒரு நியாயம் சொல்லலாம். லாபம் போதவில்லை என்று மூடியதற்கு ஊர் ஒத்துக்கொள்ளும் நியாயம் கிடைக்கவில்லை.

விடீஓ வாங்கப் பட்ட கடன் ஆறுமுன் வேட்டைக்காரன் வேட்டையானான். ஃபிராங்கோனியாவில் ஹெர்ட்ஸோகென்அவுராக் என்ற சிற்றூர், பயணிகள் ரயில் 1984-இல் நின்றுபோன ஊர். எர்லாங்கனிலிருந்து பஸ்ஸில்தான் போக வேண்டும். அடிடாஸ், பூமா இரண்டும் பிறந்தது அங்கே. பேரிங் செய்யும் ஷெஃப்லர் குடும்பத்தின் தலைமையகமும் அங்கேதான். 2008 ஜூலையில் ஷெஃப்லர், தன்னைவிட விற்பனையில் மூன்று மடங்கு பெரிய கான்டினென்டலுக்கு விலை பேசியது. வங்கிகள் வழியாகச் சத்தமில்லாமல் பங்குகளைத் திரட்டி வைத்திருந்தது. பங்குக்கு 75 யூரோ என்று முடிவாயிற்று. தலைவர் மான்ஃப்ரெட் வென்னெமர் விலகினார். பங்கை ஒப்படைக்கும் கெடு செப்டம்பர் 16. அதற்கு முந்தின நாள் நியூயார்க்கில் லேமன் வங்கி விழுந்தது. சந்தை விலை சரியப்போகிறது என்று உணர்ந்த பங்குதாரர்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு ஷெஃப்லரிடமே விற்றார்கள். பாதிக்குக் குறைவாக வைத்துக்கொள்ள எண்ணியவர்கள் தலையில் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல் விழுந்தது. சில மாதங்களில் சந்தை விலை 20 யூரோவுக்கும் கீழே. குடும்பம் திவாலின் விளிம்பில் நின்ற 2009 பிப்ரவரியில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் ஊர்த்தெருவில் முதலாளிக்கு ஆதரவாக ஊர்வலம் போனார்கள். மரியா எலிசபெத் ஷெஃப்லர் கண்கலங்கிய படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது.

அதே வசந்தத்தில் வேறொரு ஊர்வலமும் நடந்தது. பிரான்ஸின் க்ளேர்வா ஆலையை மூடும் முடிவை எதிர்த்து அதன் தொழிலாளர்கள் தனி ரயில் பிடித்து ஹானோவருக்கு வந்தார்கள். பங்குதாரர் கூட்டம் நடந்த நாள் அது. ஷ்டோக்கனில் லாரி டயர் வேலை போகவிருந்த ஜெர்மானியரும் அவர்களோடு நடந்தார்கள். இரண்டு உற்பத்தியும் நின்றன. ஷ்டோக்கனில் 2013 முதல் தேய்ந்த லாரி டயருக்கு ரீபட்டன் போடும் வேலை நடக்கிறது.

கார்ச் சந்தை மீண்டதும் பங்கு விலையும் மீண்டது, ஷெஃப்லர் குடும்பமும் தப்பியது. 2018-இல் கான்டினென்டலில் ஏறத்தாழ 2,43,000 பேர் வேலை பார்த்தார்கள். விற்பனை 4,440 கோடி யூரோ. ஏறத்தாழ அதுதான் உச்சம். மின்சாரக் காருக்கு எரிபொருள் பீய்ச்சும் கருவி வேண்டாம். மென்பொருளுக்குக் கொட்டிய பணமோ எதிர்பார்த்த வேகத்தில் திரும்பி வரவில்லை. சேர்த்ததைக் கழிக்கத் தொடங்கினார்கள். ரேகன்ஸ்பூர்க்கின் எஞ்சின் பிரிவு 2021-இல் விடெஸ்கோ என்ற தனிக் கம்பெனியாகி, 2024-இல் ஷெஃப்லரோடு இணைந்தது. பிரேக்கும் மின்னணுவும் 2025 செப்டம்பரில் ஆமோவியோ என்ற பெயரில் பிரிந்து ஃபிராங்க்ஃபர்ட்டைத் தலைமையிடமாக்கிக்கொண்டன. 1998-இல் ஹானோவருக்குப் போன டேவெஸ் ஊர் திரும்பியது என்றும் சொல்லலாம். இருபத்தேழு ஆண்டு வளர்ச்சியில் பெரும்பகுதி கணக்கேட்டிலிருந்து இப்படி இறங்கிவிட்டது. இடைக்காலத்தில் அந்தப் பிரிவுக்கு முட்டுக் கொடுத்தது பெரும்பாலும் டயரின் லாபம்தான்.

அந்த டயரை ஜெர்மனியில் செய்யும் இடம் பார்க்க ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து வடக்கே மார்பூர்க் வரை வந்து, 2015-இல் மீண்டும் திறந்த சிறு ரயில்பாதையில் கோர்பாக் போக வேண்டும். மரச்சட்ட வீடுகளும் பழைய வணிகச் சங்கத்தின் கல் கிடங்குகளும் கொண்ட ஊர். பக்கத்து மலையில் ஒருகாலத்தில் தங்கம் எடுத்தார்கள். பீட்டர்ஸ் கம்பெனி 1907-இல் இங்கே ஆலை வைத்தது. 1929 இணைப்பில் அது கான்டினென்டலிடம் வந்தது. ஆகென் ஆலை 2022 முடிவில் மூடப்பட்ட பிறகு, ஜெர்மனியில் கான்டினென்டலின் புதுக் கார் டயர் பெருமளவில் தயாராவது இங்கேதான். மோட்டார் சைக்கிள் டயரும், கையால் ஒட்டிச் செய்யும் விலையுயர்ந்த சைக்கிள் டயரும் இங்கே உண்டு. காட்டுச் சாமந்திபோல் மண்டும் ரஷ்ய டான்டிலியன் செடியின் வேர்ப்பாலில் செய்த சைக்கிள் டயரைக் கம்பெனி 2019-இல் கொண்டுவந்தது. அந்தச் செடிக்கான ஆய்வுக்கூடம் பால்டிக் கரைக்கு அருகே ஆன்க்லாமில் இருக்கிறது. பால்மரம் வளராத நாட்டின் பழைய கவலை இன்னும் தீரவில்லை.

கோர்பாக்கில் டயரோடு தொழிற்சாலைகளுக்கான ரப்பர் ஹோஸும் தயாராகிறது. ஹோஸ், கன்வேயர் பெல்ட், காற்று ஸ்பிரிங் எல்லாம் கான்டிடெக் என்ற பிரிவைச் சேர்ந்தவை. காற்றடைத்த டயருக்கும் மூத்த மென்ரப்பர் வேலையின் வாரிசு அது. அதையும் விற்றுவிட்டு டயரை மட்டும் வைத்துக்கொள்வது நிர்வாகத்தின் முடிவு. அது நடந்தால் நூறாண்டைத் தாண்டிய கோர்பாக் ஆலையில் ஹோஸ் செய்கிறவர்களுக்கும் டயர் செய்கிறவர்களுக்கும் முதலாளி வேறு வேறாவார்கள்.